ஸ்கூல் பேண்ட் ஆடிஷனில் பாரபட்சமா? கோபப்படுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்!

நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டியாச்சு. ஸ்கூல் பேண்டின் டிரம்ஸ் பிரிவுக்கு ஆறு பேர் தேர்வு. ஆறு பேருமே பசங்க. ஒரு வருஷமா தலையணையில் குச்சியால தட்டித் தட்டிப் பழகின பொண்ணுக்கு லிஸ்ட்டில் இடமில்லை. அப்போ அவ மனசுல ஒரே ஒரு கேள்விதான் ஓடும். 'நான் சரியா வாசிக்கலையா, இல்ல நான் பொண்ணுங்கிறதாலயா?'

இந்தக் கேள்வியில் ஒரு பெரிய சிக்கல் இருக்கு. சரியா வாசிக்கலைன்னா, இன்னும் நல்லா பழகினா போதும். பொண்ணுங்கிறதால எடுக்கலைன்னா, எவ்வளவு பழகினாலும் பிரயோஜனம் இல்லை. எது உண்மைன்னு தெரியாததால, அடுத்து என்ன செய்யணும்னும் தெரியாது. பலரும் குச்சியைக் கீழே வைக்கிற இடம் இதுதான். இன்னொரு பக்கம், நேர்மையா மார்க் போட்ட டீச்சர்மேல வீண்பழி விழுறதும் இங்கேதான்.

ஒரே ஒரு ஆடிஷன் ரிசல்ட்டை வைத்து, பாரபட்சம் நடந்ததா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், பாரபட்சம் நுழைய இடம் தராத மாதிரி ஆடிஷன் முறையையே மாற்ற முடியும். அது எப்படி? முதலில் பெரியவர்களின் ஆடிஷன் ஒன்றைப் பார்த்துவிடுவோம்.

திரையைத் தாண்டி வந்த பெண்

1980. ஜெர்மனியின் மியூனிக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் டிராம்போன் கலைஞர் பதவிக்கு ஆடிஷன். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆபி கோனன்ட். அவருக்கு வந்த அழைப்புக் கடிதமே 'திரு. ஆபி கோனன்ட்' என்றுதான் இருந்தது. டிராம்போன் வாசிப்பவர் ஆணாகத்தான் இருப்பார் என்ற நினைப்பு.

போட்டியில் மொத்தம் 33 பேர். அவர்களில் ஒருவர், குழுவுக்குத் தெரிந்த இசைக்கலைஞர் ஒருவரின் மகன். 'தெரிஞ்ச பையனுக்குச் சலுகை காட்டிட்டாங்க' என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக, அன்றைக்குத் திரை கட்டினார்கள். வாசிப்பவர் திரைக்குப் பின்னால், நடுவர்கள் திரைக்கு முன்னால்.

16-வது ஆளாக கோனன்ட் வாசித்தார். ஒரு இடத்தில் ஸ்வரம் பிசகியது. 'போச்சு, அவ்வளவுதான்' என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஆனால், அந்த வாசிப்பைக் கேட்ட தலைமை நடத்துனர் செர்ஜியு செலிபிடாக்கே அங்கேயே முடிவு செய்துவிட்டார். மிச்சமிருந்த 17 பேரும் வாசிக்காமலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜெயித்தவரை உள்ளே அழைத்தார்கள். வந்து நின்றது ஒரு பெண். நடுவர்கள் திகைத்துப்போனார்கள்.

கதை இங்கே சுபமாக முடியவில்லை. அடுத்தடுத்த சுற்றுகளிலும் ஜெயித்து வேலைக்குச் சேர்ந்த கோனன்ட்டை, ஒரே வருடத்தில் இரண்டாவது டிராம்போனுக்கு இறக்கிவிட்டார்கள். முதல் இடத்துக்கு ஓர் ஆண் வேண்டும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் கோர்ட்டுக்குப் போனார். அவருடைய உடல் பலம் போதாது என்று எதிர்த் தரப்பு வாதாட, நுரையீரல் பரிசோதனைகூடச் செய்துகொண்டார். அதில் அவருடைய நுரையீரல் திறன் சராசரியைவிட அதிகம் என்று தெரியவந்தது. 1988-ல் பதவி திரும்பக் கிடைத்தது. அதன் பிறகு, ஆண்களுக்கு இணையான சம்பளத்துக்காக இன்னும் ஐந்து வருடப் போராட்டம். அதிலும் ஜெயித்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அதே நடுவர்கள், அதே வாசிப்பு. கண்ணுக்குத் தெரியாதபோது 'இவர்தான் வேண்டும்' என்று தோன்றியது, கண்ணுக்குத் தெரிந்த பிறகு 'பலம் போதாது' என்று கேட்டது. நடுவர்கள் பொய் சொன்னார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்கள் காதுக்கே அப்படிக் கேட்டிருக்கலாம். பாரபட்சத்தின் ஆபத்தான வடிவம் இதுதான். செய்பவருக்கே தெரியாது!

ஆடிஷனுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது கதை

ஸ்கூல் பேண்ட் கலாசாரம் ஆழமாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கே பெரும்பாலும் ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பிலேயே பிள்ளைகள் ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஆடிஷன். ஸ்வர வரிசைகளை வாசிக்க வேண்டும், முன்கூட்டியே கொடுத்த பாடத்தை வாசிக்க வேண்டும், முன்பின் பார்க்காத நோட்ஸைக் கொடுத்தால் அதையும் அங்கேயே வாசிக்க வேண்டும். மார்க்கைப் பொறுத்து 'சேர்' ஒதுக்குவார்கள். நன்றாக வாசிப்பவருக்கு 'ஃபர்ஸ்ட் சேர்'. தனி வாசிப்பு வாய்ப்புகள் பெரும்பாலும் அவருக்குத்தான். மாநில அளவிலான பேண்டுக்குத் தேர்வாவது காலேஜ் விண்ணப்பத்திலும் கைகொடுக்கும். ஆக, இது வெறும் நாற்காலி விஷயம் இல்லை.

ஆனால், ஆடிஷன் ஹாலுக்குள் நுழையும் முன்பே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. 1978-ல் ஹெரால்ட் ஏபல்ஸ், சூசன் போர்ட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 'உங்க பொண்ணுக்கு எந்த வாத்தியம், பையனுக்கு எந்த வாத்தியம்?' என்ற ரீதியில் பெரியவர்களிடம் கேட்டார்கள். பெண் குழந்தைக்கு ஃப்ளூட், வயலின், கிளாரினெட் என்றும், ஆண் குழந்தைக்கு டிரம்ஸ், டிராம்போன், ட்ரம்பெட் என்றும் பதில்கள் குவிந்தன. வாத்தியத்துக்கு ஏது ஆண்பால், பெண்பால்? ஆனாலும், இந்தப் பிரிவினை அதற்குப் பிந்தைய ஆய்வுகளிலும் பெரிய அளவில் மாறாமல் தொடர்ந்தது.

இதில் அடிபடுவது பெண்கள் மட்டுமில்லை. ஃப்ளூட் எடுக்கும் பையனும் கிண்டலுக்கு ஆளாகிறான். 'உனக்கு ட்ரம்பெட் செட் ஆகும்டா' என்று மெதுவாகத் திசைதிருப்பப்படுகிறான். டிரம்ஸ் கேட்கும் பொண்ணுக்கோ, மணி வாத்தியங்கள் கைக்கு வருகின்றன. யாரும் 'முடியாது' என்று சொல்லவில்லை. ஆனால், லிஸ்ட் ஒட்டும்போது டிரம்ஸில் எல்லாரும் பசங்க.

'டியூபா எல்லாம் ரொம்ப வெயிட், பொண்ணுங்களால தூக்க முடியாது' என்பது இன்னொரு வழக்கமான வாதம். அணிவகுப்பில் தோளில் மாட்டி வாசிக்கும் சூசஃபோன் என்ற பித்தளை வாத்தியம் உண்மையிலேயே கனமானதுதான். சரி, தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா என்பதுதான் கவலை என்றால், தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லிப் பாருங்கள். பையனுக்கும் அதே டெஸ்ட், பொண்ணுக்கும் அதே டெஸ்ட். ஒல்லியான பையனை எந்தக் கேள்வியும் கேட்காமல் எடுத்துவிட்டு, திடமான பொண்ணைப் பார்த்ததுமே நிராகரித்தால், அங்கே பிரச்னை வெயிட் இல்லை. 2006-ல், 20 வயது காலேஜ் மாணவி கரோல் ஜான்ச், புகழ்பெற்ற ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை டியூபா கலைஞராகத் தேர்வானார்.

நம்ம ஊரில்?

டிரம்ஸ் ஆண்களுக்கானது என்ற நினைப்பு நமக்கும் புதிதல்ல. கர்நாடக சங்கீதத்தில் மேடையேறிப் பாடும் பெண்கள் எத்தனையோ பேர். ஆனால், பக்கவாத்தியத்தில், அதுவும் தாள வாத்தியத்தில், பெண்கள் வெகு சிலரே. மிருதங்கத்தில் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் அந்தக் காலத்திலேயே தடையை உடைத்தவர். கடம் வாசிப்பில் முன்னோடிப் பெண் கலைஞர் சுகன்யா ராம்கோபால். பெண்ணோடு சேர்ந்து வாசிக்க மாட்டோம் என்று ஆண் கலைஞர்கள் சிலர் மறுத்த அனுபவமும் அவருக்கு உண்டு. பெண் கலைஞர்களைக் கொண்டே 'ஸ்த்ரீ தால் தரங்' என்ற தாளவாத்தியக் குழுவை உருவாக்கினார்.

ஸ்கூல் பேண்டிலும் நம் நாட்டு நிலவரம் கொஞ்சம் வித்தியாசமானது. குடியரசு தினத்தை ஒட்டி நடக்கும் தேசிய அளவிலான பள்ளி பேண்ட் போட்டியில் மாணவர்களுக்குத் தனி, மாணவிகளுக்குத் தனி என்று பிரிவுகள் இருக்கின்றன. அதனால் பெண்கள் பள்ளிகளில் டிரம்ஸ் அடிப்பதும் பெண்கள்தான், ட்ரம்பெட் ஊதுவதும் பெண்கள்தான். பேஸ் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அணிவகுக்கிறார்கள். பலம் போதாது என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. அது இரு பாலரும் படிக்கும் பள்ளியின் ஆடிஷனில்தான் எழுகிறது. யோசிக்க வேண்டிய விஷயம் இல்லையா?

திரை கட்டினால் தீர்ந்துவிடுமா?

அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா 1950-களிலேயே திரை கட்டி ஆடிஷன் நடத்தியது. 1970, 80-களில் மற்ற பெரிய இசைக்குழுக்களும் அந்த வழிக்கு வந்தன. 1970-ல் அமெரிக்காவின் முன்னணி ஐந்து இசைக்குழுக்களில் பெண்கள் 5 சதவிகிதம்கூட இல்லை. 1990-களின் பிற்பகுதியில் அது சுமார் 25 சதவிகிதம். 2022-ல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் பெண்கள் 45, ஆண்கள் 44 என்ற கணக்கே வந்துவிட்டது.

இந்த மாற்றத்தில் திரைக்கு எவ்வளவு பங்கு? பொருளாதார அறிஞர்கள் கிளாடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் இருவரும் இதை ஆராய்ந்து 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதற்கட்டச் சுற்றில் பெண்கள் தேர்வாகும் வாய்ப்பைத் திரை கணிசமாக உயர்த்தியது என்பது அவர்கள் முடிவு. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. கோல்டின் 2023-ல் நோபல் பரிசும் வாங்கினார்.

ஆனால், முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வில் பயன்படுத்திய தரவுகள் குறைவு, முடிவுகள் பிரபலமான அளவுக்கு உறுதியானவை அல்ல என்று புள்ளியியலாளர்கள் 2019-ல் விமர்சித்தார்கள். சில முடிவுகள் புள்ளியியல்ரீதியாக வலுவாக இல்லை என்பதை ஆய்வாளர்களும் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார்கள். அதே காலகட்டத்தில் இசைக் கல்லூரிகளில் படிக்கும் பெண்களின் எண்ணிக்கையும் ஏறியது. எனவே, 'திரை கட்டியதால்தான் எல்லாம் மாறியது' என்று சொன்னால் அது மிகை.

அப்படியென்றால் திரை எதற்கு? ரிசல்ட் மாறினாலும் மாறாவிட்டாலும், அந்த ரிசல்ட்டை நம்ப முடியும். அதற்காகத்தான். திரைக்குப் பின்னால் வாசித்துத் தோற்ற பொண்ணுக்கு, 'அப்போ வாசிப்புலதான் கோளாறு, சரி பண்ணிக்கலாம்' என்ற தெளிவு கிடைக்கும். ஜெயித்த பையனுக்கும், 'பையன்ங்கிறதாலதான் எடுத்தாங்க' என்ற பேச்சு இருக்காது. டீச்சருக்கும் நிம்மதி.

பள்ளியில் இதை எப்படிச் செய்யலாம்?

டெக்சாஸ் போன்ற அமெரிக்க மாநிலங்களில், மாநில அளவிலான மாணவர் பேண்ட் ஆடிஷன்களில் திரை முறை பழக்கத்தில் இருக்கிறது. மாணவருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நடுவர்களிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் நிற்கும் உதவியாளரிடம் மெதுவாகக் கேட்க வேண்டும்.

ஒரு சாதாரணப் பள்ளியில் செய்யும்போது கவனிக்க வேண்டியவை இவை:

1. எண் கொடுங்கள்: குலுக்கல் முறையில் எண். யார் எந்த எண் என்பது நடுவரல்லாத ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

2. காலடிச் சத்தம்: ஹீல்ஸ் சத்தம், கொலுசுச் சத்தம் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். இசைக்குழுக்களில் தரையில் கார்ப்பெட் விரிப்பதும், ஷூவைக் கழற்றச் சொல்வதும் இதற்காகத்தான். பெண் செருப்பில்லாமல் நடந்து வர, கூட வரும் ஆண் ஊழியர் வேண்டுமென்றே ஷூ சத்தத்தோடு நடந்த கதைகூட உண்டு!

3. வெளி நடுவர்: பள்ளியில் மட்டும் வரும் சிக்கல் இது. வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு, முதல் நான்கு ஸ்வரத்திலேயே இது யார் வாசிப்பு என்று தெரிந்துவிடும். திரை கட்டியும் பயனில்லை. பக்கத்துப் பள்ளி இசை ஆசிரியர் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மொபைலில் ஆடியோ மட்டும் பதிவு செய்து, எண்ணோடு அனுப்பி, மார்க் போடச் சொல்லலாம்.

4. மார்க் ஷீட் முதலில், பேச்சு பிறகு: சுருதி, தாளம், ஒலியின் தரம், புது நோட்ஸ் வாசிக்கும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை மார்க் என்பதை ஆடிஷனுக்கு முன்பே மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக மார்க் எழுதிவிட வேண்டும். சீனியர் நடுவர் உதட்டைப் பிதுக்கினால், ஜூனியர் நடுவரின் மார்க் தானாகக் குறையும்!

5. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே நேரம்: ஒருவருக்கு 2 நிமிடம், இன்னொருவருக்கு 5 நிமிடம் என்றால், மார்க் ஷீட் இருந்தும் நியாயம் இல்லை.

லிஸ்ட்டில் பேர் இல்லையா? இதைச் செய்யுங்க!

திரை இல்லாத பழைய முறையிலேயே ஆடிஷன் முடிந்துவிட்டது. மனசு ஆறவில்லை. என்ன செய்வது?

ஒரு நாள் பொறுங்கள். கோபத்தில் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். டீச்சர் பேரைப் போட்டு ஒரு ஸ்டோரி வைத்துவிட்டால், அப்புறம் பேச்சு முழுக்க அந்த ஸ்டோரியைப் பற்றித்தான் இருக்கும். உங்கள் வாசிப்பைப் பற்றி இருக்காது.

மார்க்கைக் கேளுங்கள். 'ஏன் என்னை எடுக்கல?' என்று கேட்டால் டீச்சர் தற்காப்புக்குப் போய்விடுவார். 'மிஸ், எனக்கு எதுல மார்க் குறைஞ்சுதுன்னு சொல்ல முடியுமா? அடுத்த தடவைக்குள்ள சரி பண்ணிக்கிறேன்' என்று கேட்டுப் பாருங்கள். 'மூணாவது லைன்ல வேகம் கூடிடுச்சு' என்று குறிப்பாகப் பதில் வந்தால், அது உழைத்துச் சரிசெய்யக்கூடிய விஷயம். 'உனக்கு இது செட் ஆகாதும்மா', 'பவர் பத்தல' என்று மேலோட்டமாக வந்தால், விடாமல் இன்னொரு கேள்வி. 'எந்த இடத்துல மிஸ்?' பதில் இல்லை என்றால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல வருட லிஸ்ட்டைப் பாருங்கள். ஒரு வருடம் ஆறு பேரும் பசங்களாக அமைவது தற்செயலாகவும் நடக்கலாம், குறிப்பாக ஆடிஷனுக்கு வந்த பொண்ணுங்க ஒன்றிரண்டு பேர் மட்டும் என்றால். ஐந்து வருடமாக ஒவ்வொரு வருடமும் பல பொண்ணுங்க வந்தும் ஒருத்தர்கூடத் தேர்வாகவில்லை என்றால், அது கேள்வி கேட்க வேண்டிய விஷயம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்ற இரண்டு எண்ணிக்கையும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

அடுத்த ஆடிஷனுக்குத் திரை கேளுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கேளுங்கள், பசங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'நீங்க பாரபட்சம் பார்க்கிறீங்க' என்பது குற்றச்சாட்டு. 'அடுத்த தடவை எண் கொடுத்து, திரை கட்டி வைக்கலாமா சார்? யாரும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாதுல்ல' என்பது யோசனை. குற்றச்சாட்டுக்கு நிரூபணம் வேண்டும், யோசனைக்கு ஒரு பெட்ஷீட் போதும்.

அதற்கும் மசியவில்லையா? பெற்றோர் மூலம் பிரின்சிபாலுக்கு எழுத்தில் கொடுங்கள். தேதி, கேட்ட கேள்வி, வந்த பதில் என்று சுருக்கமாக இருந்தால் போதும். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1972-ல் வந்த 'டைட்டில் நைன்', மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. புகார்களைக் கவனிக்க ஒரு பொறுப்பாளரும் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 'பொண்ணுங்க இதை வாசிக்க முடியாது' என்று யாராவது வெளிப்படையாகச் சொன்னால், அங்கே யோசனை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நேராகப் புகார்தான்.

அப்பா அம்மாக்களுக்கு: பிள்ளை அழுதுகொண்டு வந்ததும் 'பாரபட்சம்தான், நான் வந்து பேசறேன்' என்று கிளம்பாதீர்கள். 'விடு, பொண்ணுங்களுக்கு எதுக்கு டிரம்ஸு' என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். முதலாவது, பிள்ளை தன் வாசிப்பைத் திரும்பிப் பார்க்கவிடாமல் செய்யும். இரண்டாவது, நடுவர் ஒருவேளை செய்திருக்கக்கூடிய தவறை வீட்டிலேயே உறுதியாகச் செய்துவிடும்.

டீச்சர்களுக்கு: 'எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒண்ணுதான்' என்று நீங்கள் சொல்வது நூறு சதவிகிதம் உண்மையாகவே இருக்கலாம். மியூனிக்கில் அன்றைக்குத் திரை கட்டியவர்களும், தெரிந்த பையனுக்குச் சலுகை தருபவர்கள் என்று நிரூபிக்கப்பட்டவர்கள் இல்லை. அப்படி ஒரு பேச்சு வரக் கூடாது என்றுதான் கட்டினார்கள். அந்தப் பையனுக்காகக் கட்டிய திரைதான், யாரும் எதிர்பார்க்காத ஒரு பெண்ணை உள்ளே கொண்டுவந்தது. உங்கள் ஸ்கூலில் அது யாரைக் கொண்டுவரும் என்பது, கட்டிப் பார்த்தால்தானே தெரியும்!